செகண்ட் ஹேண்டில் எடை குறைந்த ரிவால்வர்: வாங்குவதற்கு முன்னும் பின்னும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் குடியிருக்கும் தமிழர்களிடமிருந்து வரும் கேள்விகள் இவை. இங்குள்ள சட்டம், இங்கே கடைகளில் கிடைக்கும் மாடல்கள் ஆகியவற்றை வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலான கேள்விகள் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் எடை குறைந்த ரிவால்வர்களான ஏர்வெயிட் வகையைப் பற்றியவை என்பதால் பதில்களும் அதைச் சுற்றியே இருக்கும்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். நான் வாங்கலாமா?

பொதுவாக முடியாது. எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது என்கிறது ஃபெடரல் சட்டம். ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. ஆனால் அதை நம்பி இறங்குவதற்கு முன் ஒரு குடியேற்ற வக்கீலிடம் கட்டாயம் பேசிவிடுங்கள். துப்பாக்கிக் குற்றம் ஒன்றில் தண்டிக்கப்பட்டால் அதுவே நாட்டைவிட்டு வெளியேற்றக் காரணமாகிவிடும். கிரீன் கார்டு கனவோடு பத்துப் பன்னிரண்டு வருடமாகக் காத்திருப்பவர் ஒரு ரிவால்வருக்காக அதைப் பணயம் வைக்க வேண்டாம்.

கிரீன் கார்டு வந்துவிட்டால், குடியுரிமை பெற்றவரைப் போலவே வாங்கலாம். மாநிலச் சட்டம் தனி.

கிரீன் கார்டு உள்ள நண்பர் எனக்காக வாங்கித் தரட்டுமா?

கூடவே கூடாது. கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் "உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா" என்றே கேட்கிறார்கள். பொய்யாக "ஆம்" என்று எழுதுவது ஃபெடரல் குற்றம். 2022-இல் வந்த சட்டத்தில் இப்படி இன்னொருவருக்காக வாங்குவதற்கு 15 ஆண்டுகள் வரை சிறை உண்டு. நட்புக்காகக்கூட இதைக் கேட்காதீர்கள், செய்து கொடுக்கவும் செய்யாதீர்கள்.

கணவனுக்குக் கிரீன் கார்டு, மனைவிக்கு இன்னும் வரவில்லை என்ற வீடுகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. துப்பாக்கியைப் பூட்டிவைக்கும் பெட்டியின் சாவியோ எண்ணோ மனைவி கையில் இருந்தால், துப்பாக்கி அவர் வசமும் இருப்பதாக வாதிட முடியும். இதையும் வக்கீலிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

எங்கே வாங்குவது நல்லது? கடையா, தனி ஆளிடமா?

முதல் தடவை வாங்குகிறீர்கள் என்றால் உரிமம் பெற்ற கடை. அடையாள அட்டை, 4473 படிவம், பின்னணிச் சோதனை என்று எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். உடனடிச் சோதனை முறை 1998 நவம்பரில் தொடங்கியது. பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடுகிறது. கைத்துப்பாக்கியைக் கடையில் வாங்க ஃபெடரல் சட்டம் வைத்திருக்கும் வயது வரம்பு 21.

மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை மாறும். கலிஃபோர்னியாவில் தேர்வு எழுதிப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும், அப்புறம் 10 நாள் காத்திருக்க வேண்டும். தனி ஆளிடம் வாங்கினாலும் கடை வழியாகத்தான் கைமாற வேண்டும். நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் முன்கூட்டியே தனி அனுமதிச் சீட்டு தேவை. இல்லினாயில் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கென்று மாநிலம் தரும் அடையாள அட்டை வேண்டும். டெக்சாஸில் ஒரே மாநிலத்துக்காரர்கள் இருவர் தங்களுக்குள் விற்று வாங்க மாநிலச் சட்டம் பின்னணிச் சோதனை கேட்பதில்லை. அங்கேயும்கூட ஒரு கடைக்குப் போய், சிறு கட்டணம் கட்டி, சோதனையோடு மாற்றிக்கொள்வதே நல்லது என்பேன். அந்தத் துப்பாக்கி திருட்டுப் பொருளாக இருந்தால் பின்னால் மாட்டுவது நீங்கள்தான்.

வேறு மாநிலத்தில் இருப்பவரிடம் வாங்குவதானால், அவர் உங்கள் மாநிலத்துக் கடை ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் அங்கே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். அண்ணன், தம்பி கொடுத்தாலும் இதே விதிதான்.

"எடை குறைந்தது" என்றால் எவ்வளவு?

காவலர்கள் பல பத்தாண்டுகள் இடுப்பில் சுமந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 எஃகு ரிவால்வர் ஒரு கிலோவை ஒட்டி வரும். ஐந்து தோட்டா பிடிக்கும் ஏர்வெயிட் மாடல் 642 சுமார் 425 கிராம். ஸ்கேண்டியம் என்ற உலோகம் கலந்த அலுமினிய ஃபிரேமும் (துப்பாக்கியின் உடல்) டைட்டானியம் சிலிண்டரும் (தோட்டாக்கள் உட்காரும் சுழலும் உருளை) கொண்ட 340பிடி அதிலும் சுமார் 100 கிராம் குறைவு. 38 ஸ்பெஷல் என்ற தோட்டா வகையைச் சுடும் ரூகர் எல்சிஆர் சுமார் 380 கிராம்.

இந்த எடைக் குறைப்பு ஒன்றும் புதிதில்லை. 1950-இலேயே கோல்ட் நிறுவனம் அலுமினியக் கலவை ஃபிரேமோடு கோப்ராவைக் கொண்டுவந்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1952-இல் ஏர்வெயிட்டைத் தொடங்கியது. அந்த ஆண்டுகளில் அமெரிக்க விமானப்படை, விமானிகளுக்காக இன்னும் லேசாக வேண்டும் என்று கேட்டு, ஃபிரேம் மட்டுமல்லாமல் சிலிண்டரையும் அலுமினியத்தில் செய்யவைத்தது. சிலிண்டர்கள் தாக்குப்பிடிக்கவில்லை. படை அவற்றைத் திரும்பப் பெற்றுப் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டது. ஏர்வெயிட்டிலும் தொடக்க காலத் துப்பாக்கிகளுக்கு அலுமினிய சிலிண்டர்தான். சில வருடங்களிலேயே எஃகுக்கு மாற்றிவிட்டார்கள். அலுமினிய சிலிண்டரோடு பழைய ஏர்வெயிட் ஒன்று கண்ணில் பட்டால் அது சேகரிப்பாளருக்கானது. சுடுவதற்கு வாங்காதீர்கள்.

இதுவரை துப்பாக்கியே தொட்டதில்லை. லேசாக, சின்னதாக இருப்பதால் இதிலேயே தொடங்கலாமா?

வேண்டாம். கடையில் பெண்களிடமும் புதியவர்களிடமும் "உங்கள் கைக்கு இதுதான் சரி" என்று இதையே எடுத்து நீட்டுகிறார்கள். அது தவறான ஆலோசனை. ஒரே தோட்டாவை ஒரு கிலோ துப்பாக்கியில் சுட்டால் வரும் உதைப்பும் 425 கிராம் துப்பாக்கியில் சுட்டால் வரும் உதைப்பும் ஒன்றில்லை. குழல் ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லாததால் குறிபார்க்கும் தூரமும் குறைவு. ட்ரிகரை இழுக்க ஐந்து கிலோவுக்கு மேல் அழுத்தம் வேண்டும். இவை மூன்றும் சேர்ந்து, முதல் இருபது தோட்டாக்களிலேயே புதியவரைக் கண்ணை மூடிக்கொண்டு சுடப் பழக்கிவிடும். அந்தப் பழக்கம் போக மாதக்கணக்கில் ஆகும்.

ரேஞ்சில், அதாவது துப்பாக்கி சுட்டுப் பழகும் இடத்தில், வாடகைக்குக் கிடைக்கும் நான்கு அங்குலக் குழல் எஃகு ரிவால்வரில், பயிற்சியாளர் ஒருவரை வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அதில் கை பழகிய பிறகு லேசானதை எடுத்துப் பாருங்கள்.

சரி, பழகிவிட்டேன். எந்த மாடலைத் தேடலாம்?

என் விருப்பம் 442 அல்லது 642. இரண்டும் ஒரே துப்பாக்கிதான்; 442 கறுப்பு, 642 வெள்ளி நிறம். ஹேமர் (ட்ரிகரை இழுத்ததும் விழுந்து தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தி) உள்ளே மறைந்திருப்பதால் பையில் எதிலும் மாட்டாது. இவற்றில் 642 1990-இலும் 442 1993-இலும் வந்தவை. ஏராளமாக விற்றிருப்பதால் செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கின்றன, உதிரிப் பாகமும் கிடைக்கிறது, ரிப்பேர் தெரிந்தவர்களும் எங்கும் இருக்கிறார்கள்.

ஹேமர் வெளியே தெரிய வேண்டுமானால் 637. பாதி மறைந்திருக்க வேண்டுமானால் 638. ரூகர் எல்சிஆர் 2009-இல் வந்தது. ட்ரிகர் வழவழப்பாக இருக்கும், கைப்பகுதி பாலிமர். எல்சிஆரில் 357 மேக்னம் சுடும் வகையின் ஃபிரேம் எஃகு என்பதால் அது கொஞ்சம் கனம்.

கோப்ரா வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2017-இல் மீண்டும் வந்த கோப்ராவின் பெயர்தான் பழையது. அது முழு எஃகு, எடை 700 கிராம். பழைய அலுமினியக் கோப்ராவோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கடையில் கையில் வாங்கியதும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைக்காரர் திறந்து காட்டியிருந்தாலும் நீங்களும் சிலிண்டரைத் திறந்து ஐந்து அறைகளையும் கண்ணால் பாருங்கள், விரலால் தொட்டும் பாருங்கள். ஸ்மித்தில் பக்கவாட்டுப் பொத்தானை முன்னால் தள்ள வேண்டும், கோல்ட்டில் பின்னால் இழுக்க வேண்டும், எல்சிஆரில் உள்ளே அழுத்த வேண்டும். சினிமாவில் வருவது மாதிரி மணிக்கட்டைச் சுண்டி சிலிண்டரை அடித்து மூடாதீர்கள். சிலிண்டரைத் தாங்கி வெளியே மடங்கும் பாகம், அதாவது சிலிண்டர் தாங்கி, வளைந்துவிடும். முன்பிருந்தவர் அப்படிச் செய்தாரா என்பதைத்தான் இப்போது நீங்கள் கண்டுபிடிக்கப்போகிறீர்கள்.

அடுத்தது, மூடிய சிலிண்டரைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு நகர்ந்தால் தேய்மானம் அதிகம். பிறகு சிலிண்டருக்கும் குழலின் பின்முனைக்கும் நடுவில் உள்ள இடைவெளி. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மெல்லிய கோடாகத் தெரியும். வண்டி மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குக்குப் பயன்படுத்தும் ஃபீலர் கேஜ் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். 0.10 மில்லிமீட்டரிலிருந்து 0.20 வரை இருந்தால் நல்லது. 0.25-ஐத் தாண்டினால் விட்டுவிடுங்கள். ஐந்து அறைகளுக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒன்றில் மட்டும் வித்தியாசப்பட்டால் ஏதோ வளைந்திருக்கிறது.

அடுத்த சோதனைக்குக் கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள். பாதுகாப்பான திசையில் பிடித்து, இடது கட்டைவிரலை சிலிண்டரின் மேல் லேசாக வைத்து, மிக மெதுவாக ட்ரிகரை இழுங்கள். ஹேமர் விழுவதற்கு முன்பே சிலிண்டர் "டிக்" என்று பூட்டிக்கொள்ள வேண்டும். விழுந்த பிறகும் பூட்டாமல் இருந்தால், அந்த அறை குழலோடு நேராக நிற்கவில்லை என்று பொருள். அதோடு சுட்டால் ஈயத்தைச் செதுக்கிப் பக்கவாட்டில் துப்பும். ஐந்து அறைக்கும் இதைச் செய்யுங்கள். நான்கு சரியாக இருந்து ஐந்தாவது பூட்டாத துப்பாக்கிகள் நிறைய உண்டு. அவசரப்படுகிறவர்கள் இரண்டோடு நிறுத்திவிடுவார்கள்.

ஹேமர் வெளியே தெரிகிற மாடல் என்றால் இன்னொன்று. காலியாக இருக்கும்போது ஹேமரை முழுக்கப் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டு, ட்ரிகரைத் தொடாமல், கட்டைவிரலால் ஹேமரை முன்னால் தள்ளுங்கள். நழுவி விழுந்தால் உள்ளே யாரோ கைவைத்து அரம் போட்டிருக்கிறார்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

கடைசியாக ஸ்க்ரூ தலைகள். பக்கத் தகட்டின் ஸ்க்ரூ தலை சிதைந்திருந்தால், அளவு பொருந்தாத ஸ்க்ரூடிரைவரோடு ஒருவர் உள்ளே போயிருக்கிறார் என்று அர்த்தம்.

ஃபிரேமில் விரிசல் விழும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. லேசான ரிவால்வரை வாங்கும்போது வேறு எதைவிடவும் இதற்கே அதிக நேரம் கொடுங்கள்.

எஃகுக் குழல் அலுமினிய ஃபிரேமுக்குள் மரை வைத்துத் திருகப்பட்டிருக்கிறது. அந்த மரைக்குக் கீழே, ஆறு மணி முள் நிற்கிற இடத்தில், ஃபிரேம் மிக மெல்லியதாக இருக்கும். சிலிண்டர் தாங்கி மடங்கி உட்கார இடம் வேண்டும் என்பதற்காக அங்கே உலோகத்தைக் கடைந்து எடுத்திருப்பார்கள். தயாரிக்கும்போது குழலைச் சற்று அதிகமாக இறுக்கியிருந்தாலும் சரி, சக்தி அதிகமான தோட்டாவையே தொடர்ந்து சுட்டிருந்தாலும் சரி, விரிசல் அங்கேதான் விழும். எஃகு கொஞ்சம் வளைந்து கொடுத்துத் திரும்பும். அலுமினியம் ஒவ்வொரு உதைப்பின் களைப்பையும் சேர்த்து வைத்துக்கொண்டே போய் ஒருநாள் பிளந்துவிடும்.

பார்ப்பது எப்படி? சிலிண்டரைத் திறந்துவிட்டுத் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடியுங்கள். குழலின் பின்முனை ஃபிரேமைத் துளைத்து எட்டிப் பார்க்கிற இடத்துக்குக் கீழே, ஒரு சிறிய டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடியுங்கள். அங்கே படிந்த கரியைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கரி விரிசலை அழகாக மறைக்கும். தலைமுடி மாதிரி ஒரு கோடு முன்பின்னாக ஓடுகிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால், காது குடையும் பஞ்சுக் குச்சியைக் குறுக்கே இழுங்கள். விரிசல் விளிம்பில் பஞ்சு இழை மாட்டும். கைப்பேசியில் நெருக்கமாகப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதும் உதவும். கடைக்காரர் இதற்கெல்லாம் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போங்கள்.

விரிசல் விழுந்தால் பற்றவைக்க முடியாது. அந்தக் கலவை வெப்பப் பதம் கொடுத்து உறுதியாக்கப்பட்டது. வெல்டிங் சூடு அந்தப் பதத்தையே கெடுத்துவிடும். இன்னொன்று, சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்பதே வரிசை எண் பொறித்த ஃபிரேம்தான். குழலை மாற்றலாம், சிலிண்டரை மாற்றலாம். ஃபிரேம் போனால் துப்பாக்கியே போனது. தயாரிப்பாளர் தரும் ஆயுட்காலச் சேவையும் முதல் உரிமையாளருக்குத்தான் என்பதால், இரண்டாம் கையாக வாங்கிய உங்களுக்கு அவர்கள் புதியது தர வேண்டிய கட்டாயம் இல்லை.

ஃபிரேமின் மேல்பட்டையையும் பாருங்கள். சிலிண்டர் இடைவெளிக்கு நேர் மேலே தீப்பொறி அரித்த ஒரு கோடு இருக்கலாம். எஃகு ஃபிரேமில் அது ஓரளவு வரைக்கும் போய் நின்றுவிடும். ஸ்கேண்டியம் மாடல்களில் அந்த இடத்தில் எஃகுத் தகடு ஒன்றைக் கேடயமாக வைத்திருப்பார்கள். அது அங்கே இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

642-இன் பெயிண்ட் உரிந்திருக்கிறது. ஒதுக்கிவிடலாமா?

வேண்டாம், அதைக் காட்டி விலையைக் குறையுங்கள். 642-இன் அலுமினிய ஃபிரேமுக்கு மேல் நிறமற்ற ஒரு பூச்சு உண்டு. வியர்வையிலும் சில கரைப்பான்களிலும் அது செதில் செதிலாக உரியும். பார்க்க அசிங்கம், வேலைக்குக் கெடுதல் இல்லை. பையில் பல வருடம் கிடந்து, அதிகம் சுடப்படாத துப்பாக்கி இப்படித்தான் இருக்கும். வெளியே பளபளப்பாக இருந்து குழல் கரிந்து கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

என்ன விலை கொடுக்கலாம்?

புதிய 642-இன் விலை 500 டாலரை ஒட்டித்தான். பழையதற்கு அதில் முக்கால் பங்குக்கு மேல் கேட்டால் புதியதையே வாங்கிவிடுங்கள். சேவை உத்தரவாதமும் உங்கள் பெயருக்கு வரும். பழைய மாடல் 37, 38, 42, அலுமினியக் கோப்ரா போன்றவற்றின் விலை சேகரிப்பாளர்கள் தீர்மானிப்பது. பெட்டியும் காகிதங்களும் இருந்தால் ஏறும். தினசரி கையோடு வைத்துக்கொள்ள அவற்றை வாங்குவது பணத்துக்கும் கேடு, அந்தப் பழைய பொருளுக்கும் கேடு.

பிளஸ் பி தோட்டா போடலாமா?

பிளஸ் பி என்பது வழக்கத்தைவிட அதிக அழுத்தம் கொண்ட தோட்டா. குழலில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். 38 ஸ்பெஷல் என்பதற்குப் பக்கத்தில் பிளஸ் பி என்றும் இருந்தால் போடலாம். 38 ஸ்பெஷலின் உச்ச அழுத்தம் 17,000 பிஎஸ்ஐ, பிளஸ் பி 20,000, 357 மேக்னம் 35,000. சிலிண்டரைத் திறந்தால் தாங்கி உட்காரும் இடத்தில் மாடல் எண் தெரியும். 642-1 என்று 1996-இலிருந்து வந்தவற்றின் ஃபிரேம் சற்றுப் பெரியது. பிளஸ் பி தாங்கும் என்று நிறுவனமே சொன்னது. அதற்கு முந்தைய ஏர்வெயிட்டுகளில் சாதாரணத் தோட்டாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தாங்கும் துப்பாக்கியிலும் பயிற்சிக்குப் பிளஸ் பி தேவையில்லை. தட்டைத் தலை கொண்ட 148 கிரெயின் (தோட்டாத் தலையின் எடையைச் சொல்லும் அளவு) வாட்கட்டர் தோட்டா மென்மையாகச் சுடும், குறியும் நன்றாக விழும். கைக்கும் நல்லது, ஃபிரேமுக்கும் நல்லது.

340பிடி மாதிரி மிக லேசானவற்றில் தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

இரண்டு விஷயம். ஒன்று, உதைப்பின் வேகத்தில் சுடாத தோட்டாக்களின் ஈயம் உறையிலிருந்து முன்னால் நழுவி வந்து, சிலிண்டரைச் சுழலவிடாமல் பூட்டிவிடும். எந்த பிராண்ட் தோட்டா வாங்கினாலும் நான்கு சுட்டுவிட்டு, துப்பாக்கியைத் தாழ்த்தி, கவனமாகத் திறந்து ஐந்தாவதை எடுத்து, சுடாத இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீளம் கூடியிருந்தால் அந்தத் தோட்டா உங்கள் துப்பாக்கிக்கு ஆகாது. 120 கிரெயினுக்குக் குறைந்த மேக்னம் தோட்டாவை அதில் சுட வேண்டாம் என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார்.

இரண்டு, டைட்டானியம் சிலிண்டரின் மேல்பூச்சை எதாலும் உரசாதீர்கள். பித்தளை பிரஷ், தேய்க்கும் பசை, சிலிண்டர் முகத்தின் கரி வளையத்தைப் போக்க விற்கும் துணி எல்லாம் விலக்கு. நைலான் பிரஷ் போதும். கரி கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும்.

சுட்டு முடித்து வீட்டுக்கு வந்ததும் எப்படிச் சுத்தம் செய்வது?

தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். துப்பாக்கி காலி என்று இன்னொரு தடவை பாருங்கள். ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

குழலையும் அறைகளையும் கரைப்பானில் நனைத்த பிரஷால் தேய்த்து, துணித் துண்டு வெள்ளையாக வரும் வரை துடைக்க வேண்டும். குழல் குட்டை என்பதால் ஐந்து நிமிட வேலை. கரைப்பான் புட்டியில் அலுமினியத்துக்கும் நிக்கல் பூச்சுக்கும் பாதுகாப்பானதா என்று படித்துவிட்டு வாங்குங்கள். அம்மோனியா கலந்தது நிக்கலை உரித்துவிடும்.

பலர் மறக்கும் இடம், காலி உறைகளைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடிப்பாகம். எஜெக்டர் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் நட்சத்திரத்தின் அடியையும் அது உட்காரும் பள்ளத்தையும் தேயுங்கள். எரியாத வெடிமருந்துத் துகள் ஒன்று, ரவை அளவுகூட இருக்காது, அங்கே சிக்கினால் போதும். நட்சத்திரம் முழுதாக உட்காராது, சிலிண்டர் பின்தகட்டில் உரசும், ட்ரிகர் திடீரென்று கனக்கும். துப்பாக்கி ரிப்பேர் என்று கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள், ஒரு பிரஷால் தீர்ந்துவிடுகிற விஷயம் இது. ரேஞ்சில் உறைகளை வெளியே தள்ளும்போது குழலை வானத்தைப் பார்த்துப் பிடித்தால் துகள்கள் நட்சத்திரத்துக்கு அடியில் போகாமல் கீழே விழும்.

எண்ணெய் ஒவ்வொரு துளிதான். சிலிண்டர் தாங்கியின் மூட்டில் ஒன்று, எஜெக்டர் கம்பியில் ஒன்று, ட்ரிகர் ஓரத்தில் ஒன்று. அதிகம் ஊற்றினால் பையின் பஞ்சும் தூசியும் ஒட்டிக் களிம்பாகிவிடும். பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டாம். நெம்பினால் தகட்டின் விளிம்பு சிதையும். சில ஆயிரம் தோட்டாக்களுக்கு ஒரு தடவை துப்பாக்கி ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுத்தால் போதும்.

ஸ்க்ரூக்களையும் எஜெக்டர் கம்பியையும் ஒவ்வொரு முறையும் விரலால் தொட்டுப் பாருங்கள். லேசான துப்பாக்கியின் உதைப்பு எல்லாவற்றையும் தளர்த்தும். 1960-களுக்குப் பிந்தைய ஸ்மித் ரிவால்வர்களில் எஜெக்டர் கம்பிக்கு இடதுகை மரை. வழக்கமான பக்கம் திருகி இறுக்கப் பார்த்தால் கழன்று வரும். கம்பி தளர்ந்து முன்னால் வந்துவிட்டால் சிலிண்டரைத் திறக்கவே முடியாது.

தோட்டா இல்லாமல் ட்ரிகரை இழுத்துப் பழகலாமா?

442, 642, எல்சிஆர் 38 போன்றவற்றில் பழகலாம், நல்ல பயிற்சியும்கூட. போலித் தோட்டா போட்டுக்கொண்டால் இன்னும் நிம்மதி. பழைய கோப்ராவில் போலித் தோட்டா இல்லாமல் கூடாது. 22 தோட்டா சுடும் சிறிய ரிவால்வர்களில் வெற்றாக இழுத்தால் ஊசி அறையின் விளிம்பில் அடித்துப் பள்ளம் விழும்.

பையிலேயே வைத்திருக்கிறேன். துரு பிடிக்குமா?

442-இன் குழலும் சிலிண்டரும் சாதாரண எஃகு. ஹூஸ்டன், ஃப்ளோரிடா பக்கத்துப் புழுக்கத்தில் ஒரே வாரத்தில் செம்புள்ளி தெரிய ஆரம்பிக்கும். 642-இல் அவை துருப்பிடிக்காத எஃகு என்பதால் தாங்கும். வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைத்தால் இரண்டுமே நன்றாக இருக்கும். ட்ரிகரை முழுவதும் மூடும் பை உறைக்குள் வையுங்கள். அதே பையில் சாவி, சில்லறை எதுவும் வேண்டாம். இரவில் தோல் உறையிலிருந்து எடுத்துவிடுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வெளியே மறைத்து எடுத்துச் செல்ல உங்கள் மாநிலத்தில் உரிமம் வேண்டுமா, எங்கெல்லாம் தடை என்பதை வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ட்ரிகர் கனமாக இருப்பதால் குழந்தையால் இழுக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினால் சின்னக் குழந்தையாலும் முடியும். பீரோ உச்சி, தலையணை அடி, அம்மாவின் கைப்பை எதுவும் பாதுகாப்பான இடம் இல்லை. சுவரிலோ தரையிலோ போல்ட் போட்ட இரும்புப் பெட்டி வாங்க முடியாவிட்டால் துப்பாக்கி வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். பிள்ளை விளையாடப் போகும் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறார்களா என்று கேட்பதில் கூச்சப்படவும் வேண்டாம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு இருந்தால், வேலை போய் உடைந்திருந்தால், வளர்ந்த பிள்ளை பேசாமல் ஒடுங்கிக் கிடந்தால், அந்த நாட்களில் துப்பாக்கி வீட்டில் இருக்க வேண்டாம். சில கடைகளும் காவல் நிலையங்களும் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும். உங்கள் ஊரில் விசாரியுங்கள். உதவிக்கு 988 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

ஈயத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

ஆம். தோட்டாத் தலையில் மட்டுமில்லை, பற்றவைக்கும் பிரைமரிலும் ஈயச் சேர்மம் இருக்கிறது. உள்ளரங்க ரேஞ்சின் புகையில் அது கலந்திருக்கும். ரேஞ்சில் எதையும் சாப்பிடாதீர்கள், குடிக்காதீர்கள். முடித்ததும் குளிர்ந்த நீரில் சோப்பு போட்டுக் கையையும் முகத்தையும் கழுவுங்கள். வீட்டுக்கு வந்ததும் உடையைத் தனியாகத் துவையுங்கள், செருப்பை வாசலிலேயே விடுங்கள். சமையல் மேடையிலோ சாப்பாட்டு மேஜையிலோ துப்பாக்கியைச் சுத்தம் செய்யக் கூடாது. குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று 2021-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வரம்பைக் குறைத்திருக்கிறது. அடிக்கடி சுடப் போகிறவர் பிள்ளையின் வழக்கமான பரிசோதனையில் டாக்டரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

ஊருக்குப் போகும்போது என்ன செய்வது?

துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டிவிட்டுப் போங்கள். ஊருக்கு எடுத்துச் செல்ல நினைக்காதீர்கள்.

ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையைப் பயணத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். பக்கவாட்டு அறையில், தையல் மடிப்பில், ஜாக்கெட் பையில் ஒரே ஒரு தோட்டா தங்கிவிடும். அமெரிக்க விமான நிலையத்தில் தப்பினாலும் சென்னையில் திரும்பும்போது ஸ்கேனரில் தெரியும். இந்தியாவில் உரிமமில்லாமல் ஒரு தோட்டா வைத்திருப்பதும் 1959 ஆயுதச் சட்டத்தின்படி குற்றம். "மறந்துவிட்டேன்" என்பது உண்மையாகவே இருந்தாலும், வழக்கு பதிவாகி, விமானத்தை விட்டு, வக்கீலைத் தேடி, விடுமுறை முழுவதும் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டியதாகிவிடும். ரேஞ்சுக்கென்று கண்ணில் படும் நிறத்தில் தனிப் பை ஒன்று வாங்கி, அதை அந்த இரும்புப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.